பதினேழு பாரிஷ்களுக்கு ஒரே வீட்டுத் திட்டம்: அப்பர் ஈடன் நிகழ்வு ஆய்வு

ஏன் இந்த நிகழ்வு

கிராமத்துக்காரர்களிடம் போய், உங்கள் ஊரில் புது வீடு கட்டலாமா என்று கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். இங்கிலாந்தின் திட்டமிடல் துறையில் பலருக்கும் வெகுகாலமாக இருந்த எண்ணம் இது. 2013 மார்ச் 7 அன்று, வடமேற்கு இங்கிலாந்தில் உள்ள கம்பிரியாவின் அப்பர் ஈடன் வட்டாரத்தில், பதினேழு பாரிஷ்களில் (சிற்றூர் நிர்வாகப் பகுதிகளில்) நடந்த வாக்கெடுப்பு அந்த எண்ணத்துக்கு நேர்மாறாக முடிந்தது. தங்களுடைய சின்னச் சின்ன ஊர்களில் வீடு கட்ட வழி திறந்துவிடும் ஒரு திட்டத்துக்கு, வாக்களித்தவர்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் சம்மதம் சொன்னார்கள். ஊர்மக்களே எழுதிய திட்டம் ஒன்று இங்கிலாந்தில் வாக்குப்பெட்டிக்குப் போனது அதுவே முதல் முறை.

அங்கே என்ன சிக்கல் இருந்தது, மக்கள் எதை எழுதினார்கள், எதை எழுதாமல் விட்டார்கள், அப்புறம் என்ன ஆனது என்பதை வரிசையாகப் பதிவு செய்வதே இந்த ஆய்வின் நோக்கம். உழைத்தவர்கள் எல்லோரும் ஊர்க்காரர்கள், கவுன்சில் உறுப்பினர்கள், சில அலுவலர்கள். அவர்கள் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன். ஊர், சட்டம், தேதி எல்லாம் பொதுப் பதிவில் உள்ளவை.

இடமும் மக்களும்

ஈடன் ஆறு மாலர்ஸ்டாங் பள்ளத்தாக்கில் பிறந்து, வடக்கே ஓடி, கார்லைல் நகரைத் தாண்டிக் கடலில் கலக்கிறது. அதன் மேல்பகுதிதான் அப்பர் ஈடன். நடுவே கர்க்பி ஸ்டீபன் என்ற சின்னச் சந்தை ஊர். அதன் மக்கள்தொகை இரண்டாயிரத்தைத் தொடாது. ஏ66 நெடுஞ்சாலையை ஒட்டி பிரஃப் என்ற ஊர். மற்றவை எல்லாம் சிற்றூர்களும், ஒற்றை வீடாக நிற்கும் மலைப் பண்ணைகளும். சுற்றிலும் பென்னைன் மலைகள், சுண்ணாம்புக்கல் சுவர்கள், செம்மறி ஆடுகள்.

அன்றைய ஈடன் மாவட்டமே மிகவும் விசாலமானது. 2,000 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பரப்பில், 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 52,500 பேர்தான் வசித்தார்கள். இங்கிலாந்தில் மக்கள் மிக அரிதாக வாழும் மாவட்டங்களில் முன்னணியில் இருந்தது அது.

பாரிஷ் என்ற சொல்லுக்குத் தேவாலயத் தொடர்பு உண்டு என்றாலும், இங்கே பேசுவது 1894ஆம் ஆண்டுச் சட்டத்தால் கவுன்சில் பெற்ற சிவில் பாரிஷ் பற்றி. இங்கிலாந்தில் ஆட்சியின் கடைசிப் படி அது. விளையாட்டுத் திடல், நடைபாதை, இடுகாடு, பேருந்து நிழற்குடை போன்றவற்றைப் பார்த்துக்கொள்ளும். கட்டட அனுமதி தரும் அதிகாரம் அதற்குக் கிடையாது. ஒரு விண்ணப்பம் வந்தால் மாவட்டக் கவுன்சில் அதன் கருத்தைக் கேட்கும், அவ்வளவுதான். அந்தக் கருத்தை ஏற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கருத்துச் சொல்ல மட்டுமே முடிந்த அமைப்பு விதியை எழுதும் அமைப்பாக மாறியதுதான் இந்த நிகழ்வின் மையம். அதனால் இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

கண்ட சிக்கல்

ஊர்மக்களே எழுதும் இத்தகைய திட்டத்துக்கு நெய்பர்ஹுட் பிளான் என்ற பெயர் வருவதற்கு முன்பே அப்பர் ஈடனில் ஊர்க் கருத்துகளைத் திரட்டும் பழக்கம் இருந்தது. பல பாரிஷ்கள் சேர்ந்து ஒரு சமுதாயத் திட்டக் குழுவை நடத்தி வந்தன. எதைக் கேட்டாலும் பேச்சு திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் வந்து நின்றது: இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இங்கே வீடு இல்லை.

இதற்குக் காரணங்கள் பல. 1980ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு கவுன்சில் வாடகைக்கு விட்டிருந்த வீடுகள் குடியிருந்தவர்களுக்கே விற்கப்பட்டன. கிராமங்களில் விற்ற வீட்டுக்குப் பதில் வீடு வந்தது அபூர்வம். இயற்கை அழகுள்ள ஊர் என்பதால் ஓய்வுபெற்றவர்களும் விடுமுறை வீடு தேடுபவர்களும் நகரத்துப் பணத்தோடு வந்தார்கள். உள்ளூர்ச் சம்பளமோ ஆடு மேய்ப்பது, கல் குவாரி, கடை, பள்ளிக்கூடம், தங்கும் விடுதி ஆகியவற்றிலிருந்து வருவது. இந்த இரண்டும் ஒரே ஏலத்தில் மோதினால் யார் ஜெயிப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

இவற்றோடு விதிகளும் சேர்ந்துகொண்டன. 2010ல் ஏற்கப்பட்ட மாவட்டத் திட்டம், புதிய வீடுகளைச் சேவைகள் இருக்கும் ஊர்களில் குவிக்கச் சொன்னது. கடை, பள்ளி, பேருந்து இருக்கும் இடத்தில் வீடு கட்டினால் கார்ப் பயணம் குறையும், சுற்றுச்சூழலுக்கு நல்லது என்பது அதன் வாதம். வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் அந்த வரிசையில் இடம்பெறாத சிற்றூருக்கு அது என்ன செய்யும் என்று பாருங்கள். புது வீடு வராது. இளையவர்கள் போவார்கள். பள்ளியில் பிள்ளைகள் குறைவார்கள். பேருந்தில் ஏற ஆள் இருக்காது. பத்து வருடம் கழித்து யாராவது வீடு கட்ட அனுமதி கேட்டால், அங்கே சேவைகளே இல்லையே என்ற பதில் முன்பைவிட வலுவாக வரும். ஓர் ஊரின் தேய்மானமே அந்த ஊருக்கு எதிரான சாட்சியாகிவிடும். அப்பர் ஈடன்காரர்கள் இதைத் துல்லியமாகப் புரிந்துகொண்டிருந்தார்கள்.

பண்ணை வீடு: விதியை அருகில் வைத்துப் பார்த்தால்

அந்த வட்டாரத்தில் வழக்கமாகக் காணும் ஒரு பண்ணைக் குடும்பத்தை வைத்துச் சொன்னால் இது எளிதில் விளங்கும்.

அப்பா அறுபதைத் தாண்டியவர், அம்மாவுக்கும் கிட்டத்தட்ட அதே வயது. மகன் திருமணமானவன். ஆடுகள் குட்டி போடும் வசந்த காலத்தில் இரவு இரண்டு மணிக்கும் ஒருவர் எழுந்துபோய்ப் பார்க்க வேண்டும். மலைமேல் பனி விழுந்தால் ஆடுகளைக் கீழே இறக்க இரண்டு பேராவது வேண்டும். ஆனால் அந்தப் பண்ணையின் வருமானம் இரண்டு குடும்பத்துக்குப் போதாது. அதனால் மகன் வாரத்தில் சில நாள் வெளியே வேலைக்குப் போகிறான். மருமகளுக்கும் கர்க்பி ஸ்டீபனில் வேலை. வீட்டுக்குப் பக்கத்திலேயே பழைய கல் கொட்டகை ஒன்று இருக்கிறது. இன்றைய டிராக்டர் உள்ளே நுழையாத அளவு சின்ன வாசல், நல்ல சுவர், ஒழுகும் கூரை. அதை வீடாக்கிக் குடிபோகலாம் என்பதுதான் குடும்பத்தின் ஆசை.

2004ல் வெளியான பிபிஎஸ்7 என்ற தேசிய வழிகாட்டியின் பின்னிணைப்பு இதற்குச் சில சோதனைகளை வைத்திருந்தது. பண்ணைக்கு அந்த இடத்திலேயே ஆள் தங்கியாக வேண்டிய தேவை இருக்க வேண்டும். அந்தத் தேவை முழுநேரத் தொழிலாளி ஒருவருடையதாக இருக்க வேண்டும். பண்ணைத் தொழில் குறைந்தது மூன்று வருடம் நடந்திருக்க வேண்டும், அதில் ஒரு வருடமாவது லாபம் காட்டியிருக்க வேண்டும். ஏற்கெனவே உள்ள வேறு வீட்டால் அந்தத் தேவை தீரக் கூடாது.

மகன் முழுநேரம் இல்லை; லாபக் கணக்கு மானியத்தோடு சேர்ந்துதான் தாக்குப்பிடிக்கிறது; இருக்கும் பண்ணை வீட்டில் அப்பா குடியிருக்கிறார். எல்லாச் சோதனையிலும் இந்தக் குடும்பம் தடுமாறும். தாழ்நிலத்துப் பெரிய பால் பண்ணைக்குப் பொருந்தும் அளவுகோல் அது, மலைப் பண்ணை அதில் அடங்காது. 2012 மார்ச்சில் புதிய தேசியக் கொள்கை வந்து பிபிஎஸ்7ஐ நீக்கியது. ஆனாலும் பல திட்டமிடல் அலுவலகங்கள் அந்தச் சோதனைகளையே வழிகாட்டியாகத் தொடர்ந்து பயன்படுத்தின.

இதே கொட்டகையை விடுமுறை விடுதியாக மாற்றக் கேட்டிருந்தால் அனுமதி எளிதாகக் கிடைத்திருக்கும் என்ற மனக்குறை இங்கிலாந்தின் மலைநாட்டுக் கிராமங்களில் பரவலாக உண்டு. வெளியூர்க்காரர் வாரக்கடைசியில் தங்கலாம், பண்ணையின் வாரிசு வருடம் முழுக்கத் தங்கக் கூடாது என்றால் யாருக்கு மனம் ஆறும்? 2001ல் கால்நடைகளுக்கு வந்த கோமாரி நோய், பிரிட்டனிலேயே கம்பிரியாவைத்தான் அதிகம் தாக்கியது. மந்தைகளைப் பறிகொடுத்து, மீண்டும் தொழிலைத் தொடங்கிய குடும்பங்கள் இவை. அடுத்த தலைமுறை தங்குமா என்ற கேள்வி அவர்களுக்கு ஏட்டுக் கேள்வியாக இருந்ததில்லை.

2010–2011: வழி திறந்தது

2010 ஜூலையில் புதிய கூட்டணி அரசு, அதிகாரத்தை ஊர்களிடம் தரும் சோதனைக்கு நான்கு இடங்களை அறிவித்தது. லிவர்பூல், சட்டன், வின்ட்சர் மெய்டன்ஹெட் ஆகியவற்றோடு ஈடனும் அந்தப் பட்டியலில் இருந்தது. தொடர்ந்து உள்ளாட்சி அதிகாரங்களுக்கான லோக்கலிசம் சட்டம் 2011 நவம்பரில் நிறைவேறியது. ஒரு பாரிஷ் கவுன்சில் தன் பகுதிக்குத் தானே நிலப் பயன்பாட்டுத் திட்டம் எழுதலாம், அது வாக்கெடுப்பில் வென்றால் சட்டபூர்வ வளர்ச்சித் திட்டத்தின் பகுதியாகும் என்றது அந்தச் சட்டம். சட்டம் முழுதாக நடைமுறைக்கு வரும் முன்பே சில இடங்களை அரசு முன்னோடிகளாகத் தேர்ந்தெடுத்தது. அப்பர் ஈடனும் அவற்றில் ஒன்று. ஒவ்வொரு முன்னோடித் திட்டத்துக்கும் 20,000 பவுண்ட் வரை உதவித்தொகை கிடைத்தது. அதைப் பெற்றது உள்ளூர்த் திட்டமிடல் நிர்வாகம்.

விரிவான நடைமுறை விதிகள் 2012 ஏப்ரலில்தான் வந்தன. ஆகவே இந்தக் குழு தன் வேலையின் முதல் பகுதியை விதிகள் முழுமையாக எழுதப்படாத காலத்தில் செய்தது. பார்த்து எழுத முன்மாதிரி எதுவும் அவர்களிடம் இல்லை.

முதல் முடிவு: சேர்ந்து எழுதுவது

பதினேழு பாரிஷ்களும் தனித்தனியாக எழுதியிருக்கலாம். சட்டம் அதைத் தடுக்கவில்லை. ஆனால் ஐம்பது, நூறு பேர் வாழும் பாரிஷில் யார் உட்கார்ந்து எழுதுவது? ஆய்வாளர் ஒருவர் பரிசோதிக்க வேண்டும், வாக்கெடுப்பு நடத்த வேண்டும், ஒவ்வொன்றுக்கும் செலவு. சிக்கலோ எல்லா ஊருக்கும் பொதுவானது. அதனால் ஒரே பகுதியாக அறிவிக்கச் சொல்லி விண்ணப்பித்தார்கள். பல பாரிஷ்களைச் சேர்த்து எழுதும்போது ஒரு கவுன்சில் முன்நிற்கலாம், மற்றவை ஒப்புதல் தர வேண்டும் என்பது விதி.

இது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். இதற்கு ஒரு விலையும் இருந்தது. பதினேழு ஊர்களும் ஒத்துக்கொள்ளக்கூடிய வாசகம் பொதுவானதாகத்தான் இருக்க முடியும். எந்த வயலில் வீடு, எந்தச் சந்தில் வீடு என்று குறித்துக் காட்டத் தொடங்கினால் கூட்டணி உடையும் அபாயம் உண்டு. குறிப்பிட்ட மனைகளை ஒதுக்கும் வேலையைத் திட்டம் எடுத்துக்கொள்ளவில்லை. அதை மாவட்டக் கவுன்சிலின் திட்டத்துக்கு விட்டுவிட்டது. அதே 2013 மே மாதம் வாக்கெடுப்புக்கு வந்த தேம் என்ற ஆக்ஸ்போர்டுஷயர் நகரத்தின் திட்டம் 775 வீடுகளுக்கு இடம் குறித்துக் காட்டியது. ஒரே நகரம் என்பதால் அதற்கு அது சாத்தியமானது.

இரண்டாவது முடிவு: எதை விதியாக எழுதுவது

முதல் கொள்கை, ஒவ்வொரு பாரிஷிலும் உள்ளூர்க்காரருக்கான கட்டுப்படியாகும் வீட்டுக்கு விதிவிலக்கு தருவது. கிராம விதிவிலக்கு மனை என்ற ஏற்பாடு 1990களின் தொடக்கத்திலிருந்தே இங்கிலாந்தில் உண்டு. வழக்கமாக வீடு அனுமதிக்காத ஊர் ஓரத்து நிலத்தில், உள்ளூர்த் தேவைக்கு என்றால் மட்டும் அனுமதி. நடைமுறையில் அதை லாப நோக்கமற்ற வீட்டுவசதிச் சங்கங்கள் பத்துப் பன்னிரண்டு வீடாகக் கட்டின. இரண்டு வீடு மட்டும் தேவைப்படும் சிற்றூருக்கு எந்தச் சங்கமும் வராது, கணக்கு கட்டாது. அப்பர் ஈடன் திட்டம் இந்த விதிவிலக்கைத் தனி வீட்டுக்கும் நீட்டியது. சொந்தமாகக் கட்டிக்கொள்ளும் குடும்பமும் அதைப் பயன்படுத்தலாம். பதிலுக்கு, உள்ளூர்த் தொடர்பு உள்ளவர்களே குடியிருக்க வேண்டும், பிற்காலத்திலும் கட்டுப்படியாகும் வீடாகவே இருக்க வேண்டும் என்ற நிபந்தனைகள்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஊர்த் திட்டம் மாவட்டத்தின் அடிப்படைக் கொள்கைகளோடு பொதுவாக ஒத்துப்போக வேண்டும் என்பது சட்டம். மாவட்டமோ வீடுகளைப் பெரிய ஊர்களில் குவி என்கிறது. எல்லாச் சிற்றூரிலும் வீடு கட்டலாம் என்று நேராக எழுதியிருந்தால் ஆய்வாளர் தாண்டவிட்டிருக்க மாட்டார். பொது விதி அப்படியே இருக்கட்டும், இன்னாருக்கு மட்டும் விதிவிலக்கு என்று எழுதியபோது மாவட்டக் கொள்கையோடு நேரடி மோதல் இல்லாமல் போனது. திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

இரண்டாவது கொள்கை பண்ணை வீடு. பழைய கட்டடத்தை மாற்றி வீடாக்கிக் குடும்பத்தினர் தங்கலாம். வாடகைக்கு விட்டுப் பண்ணைக்கு வருமானமும் சேர்க்கலாம். பண்ணை என்பது தொழிலும் குடும்பமும் பிரிக்க முடியாதபடி சேர்ந்த ஓர் ஏற்பாடு என்று ஒரு திட்ட ஆவணம் ஏற்றுக்கொண்டது பெரிய விஷயம். முழுநேரமா, பகுதிநேரமா, லாபமா, நஷ்டமா என்ற கேள்விகள் அங்கே பின்னுக்குப் போயின.

மூன்றாவது, முதியோருக்கு ஏற்ற வீடு. இங்கே வாதம் இரண்டு பக்கமும் வேலை செய்கிறது. ஐந்து படுக்கையறை உள்ள பெரிய வீட்டில் தனியாக இருக்கும் பாட்டிக்கு அதே ஊரில் படியில்லாத சின்ன வீடு கிடைத்தால், அந்தப் பெரிய வீடு ஒரு குடும்பத்துக்குக் காலியாகும்.

நான்காவது, வீடுகளின் நெருக்கம். தேசிய அளவில் ஹெக்டேருக்கு 30 வீடு என்றிருந்த குறைந்தபட்ச அளவுகோலை அரசு 2010 ஜூனில் கைவிட்டிருந்தது. நடுவே புல்வெளியும் தள்ளித் தள்ளி வீடுகளும் உள்ள ஊரில் நகரத்து நெருக்கத்தைத் திணிக்க வேண்டாம், ஊரின் அமைப்பைப் பார்த்து முடிவு செய்யலாம் என்றது திட்டம். ஐந்தாவது, அதிவேக இணையம். பண்ணைப் படிவம் முதல் பிள்ளைகளின் வீட்டுப்பாடம் வரை இணையத்துக்குப் போய்க்கொண்டிருந்த காலம். இணைப்பு இல்லாத வீட்டைக் கட்டி இளம் குடும்பத்தைக் கூப்பிடுவதில் பயன் இல்லை. புது வீடுகள் எந்த வேகத்தில் வர வேண்டும் என்பதற்கும் ஒரு கொள்கை சேர்த்தார்கள்.

மொத்தம் ஆறே கொள்கைகள். பின்னாளில் வந்த பல ஊர்த் திட்டங்கள் நூறு பக்கத்தைத் தாண்டி, மரம், பறவை, கடைப் பலகை வரை எல்லாவற்றையும் தொட்டன. இவர்கள் தங்களுக்கு வலித்த இடத்தை மட்டும் எழுதினார்கள்.

ஆய்வும் வாக்கெடுப்பும்

வரைவை ஊரில் ஆறு வாரம் வைத்துக் கருத்துக் கேட்க வேண்டும், திருத்தி மாவட்டத்திடம் கொடுக்க வேண்டும், மாவட்டம் மறுபடி ஆறு வாரம் விளம்பரப்படுத்த வேண்டும், அப்புறம் சுயேச்சையான ஆய்வாளர். அவர் பார்ப்பது திட்டம் நல்லதா என்பதை அல்ல. தேசியக் கொள்கையைக் கருத்தில் கொண்டதா, நிலைத்த வளர்ச்சிக்கு உதவுகிறதா, மாவட்டத் திட்டத்தோடு ஒத்துப்போகிறதா, அன்றைய ஐரோப்பியக் கடமைகளை மீறாமல் இருக்கிறதா என்ற அடிப்படை நிபந்தனைகளை மட்டும்தான். திருத்தங்களோடு அப்பர் ஈடன் திட்டம் தேறியது.

வாக்குச்சீட்டில் இருந்த கேள்வியைச் சட்டமே வகுத்திருக்கிறது. இந்தப் பகுதியில் கட்டட விண்ணப்பங்களை முடிவு செய்ய, ஈடன் மாவட்டக் கவுன்சில் அப்பர் ஈடனுக்கான இந்தத் திட்டத்தைப் பயன்படுத்த வேண்டுமா? ஆம், இல்லை என்று இரண்டே கட்டம். பாதிக்கு மேல் ஆம் வந்தால் போதும். இத்தனை பேர் வாக்களித்தாக வேண்டும் என்ற வரம்பு கிடையாது.

மூன்றில் ஒருவர் வாக்களித்தார். இதைக் குறைவு என்று அன்றே சிலர் சொன்னார்கள். வேறு தேர்தல் எதுவும் கூட இல்லாமல், மார்ச் மாதக் குளிரில், நிலப் பயன்பாட்டுக் கொள்கைக்காக மட்டும் சிதறிக் கிடக்கும் பண்ணைகளிலிருந்து மூன்றில் ஒருவர் வந்தது எனக்குக் குறைவாகத் தோன்றவில்லை. அதோடு, எதிர்ப்பு இருந்திருந்தால் எதிர்த்தவர்கள்தான் முதலில் வந்திருப்பார்கள்.

2013 ஏப்ரல் 11 அன்று மாவட்டக் கவுன்சில் திட்டத்தை முறைப்படி நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அன்று முதல் 2004ஆம் ஆண்டுத் திட்டமிடல் சட்டத்தின்படி, அந்தப் பதினேழு பாரிஷ்களில் வரும் விண்ணப்பத்தை இந்தத் திட்டத்தையும் வைத்தே தீர்மானிக்க வேண்டும். திட்டத்துக்கு மாறாக முடிவெடுக்க வேண்டுமென்றால் தக்க காரணம் காட்ட வேண்டும்.

அதன் பின்

முதல் விளைவு வெளியே தெரிந்தது. ஊர்க்காரர்களால் இதைச் செய்ய முடியுமா என்ற சந்தேகத்துக்குப் பதிலாக அமைச்சர்கள் அப்பர் ஈடனைச் சுட்டிக்காட்டினார்கள். பத்து வருடத்துக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்த் திட்டங்கள் வாக்கெடுப்பில் தேறின. பெரும்பாலானவை பாரிஷ்கள் எழுதியவை.

இரண்டாவது விளைவு மாவட்டத்துக்குள் நடந்தது. 2018ல் ஏற்கப்பட்ட ஈடன் மாவட்டத்தின் அடுத்த திட்டம், சிறிய கிராமங்களுக்கும் குக்கிராமங்களுக்கும் அளவான வீடுகளை அனுமதித்தது, உள்ளூர்த் தொடர்பு நிபந்தனையோடு. அப்பர் ஈடன்தான் அதற்கு ஒரே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் ஐந்து வருடம் முன்பு பதினேழு பாரிஷ்கள் வாக்களித்துக் கேட்டதும் இதே திசையில்தான்.

மூன்றாவதை யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். 2016 ஆகஸ்ட் 1 அன்று யார்க்ஷயர் டேல்ஸ் தேசியப் பூங்காவின் எல்லை மேற்கே விரிந்தது. மாலர்ஸ்டாங், ராவன்ஸ்டன்டேல் பக்கமெல்லாம் பூங்காவுக்குள் போயின. அங்கே கட்டட அனுமதி தருவது இனி மாவட்டம் இல்லை, பூங்கா நிர்வாகம். நிலக்காட்சியைக் காப்பது அதன் முதல் கடமை. ஒரே திட்டப் பகுதி இரண்டு நிர்வாகங்களுக்கு இடையே பிரிந்தது. 2023 ஏப்ரல் 1 அன்று ஈடன் மாவட்டக் கவுன்சிலே கலைந்து, வெஸ்ட்மோர்லாந்து ஃபர்னெஸ் என்ற பெரிய கவுன்சிலில் கரைந்தது. வாக்குச்சீட்டில் பெயர் இருந்த அமைப்பு இன்று இல்லை. திட்டம் எழுதுபவர்கள் தங்கள் ஆவணத்தைப் படிக்கப் போகும் அலுவலர் யார் என்று தெரியாமலே எழுதுகிறார்கள். பின்னணி தெரியாதவருக்கும் புரியும்படி, ஒவ்வொரு கொள்கைக்கும் கீழே ஏன் என்ற விளக்கம் இருந்தாக வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

விதி மாறினால் மட்டும் வீடு வந்துவிடாது. நிலம் வேண்டும், கடன் வேண்டும், கட்டும் ஆள் வேண்டும். இதில் கடன்தான் அதிகம் கவனிக்கப்படாதது. உள்ளூர்க்காரருக்கு மட்டுமே விற்கலாம், குறைந்த விலைக்கே விற்கலாம் என்ற நிபந்தனைகள் திட்டமிடல் சட்டத்தின் 106ஆம் பிரிவின்கீழ் ஒப்பந்தமாக வீட்டோடு ஒட்டிக்கொள்ளும். கடன் தரும் வங்கி என்ன பார்க்கும்? தவணை நின்றால் இந்த வீட்டை யாரிடம் விற்க முடியும் என்று பார்க்கும். வாங்கத் தகுதியுள்ளவர் ஒரு பள்ளத்தாக்குக்குள் மட்டும்தான் என்றால் பல வங்கிகள் பின்வாங்கும், சில கூடுதல் முன்பணம் கேட்கும். முன்பணம் சேர்க்க முடியாத இளம் தம்பதிக்காகத்தான் இந்த வீடே. ஆகவே தகுதியை வட்டம் வட்டமாக விரிக்க வேண்டும்: முதலில் பாரிஷ், சில மாதம் ஆள் கிடைக்காவிட்டால் பக்கத்துப் பாரிஷ், அதற்கும் பிறகு மாவட்டம். வங்கி ஏலம் விடும் நிலை வந்தால் நிபந்தனை நீங்குமா என்பதையும் எழுதி வைக்க வேண்டும். இந்த வாசகங்களைக் கொள்கை எழுதும் கட்டத்திலேயே கடன் தருபவர்களிடம் காட்டிச் சரிபார்ப்பது நல்லது.

அளவையும் விலையையும் எண்ணாக எழுத வேண்டும். ஷ்ராப்ஷயர் கவுன்சில் தனி வீட்டு விதிவிலக்கை நடத்திய விதம் இதற்கு நல்ல உதாரணம். வீடு 100 சதுர மீட்டருக்கு மேல் போகக் கூடாது, மனை 0.1 ஹெக்டேர், மறுவிற்பனை வழக்கமாகச் சந்தை விலையில் 60 சதவீதம். கட்டுபவருக்கும் வங்கிக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஒரே பார்வையில் புரியும். கட்டுப்படியாகும் என்ற சொல்லை மட்டும் வைத்தால் ஒவ்வொரு விண்ணப்பத்திலும் புதிதாகப் பேரம் தொடங்கும்.

மனை ஒதுக்குவதை முழுதாக ஒதுக்கித் தள்ளியிருக்க வேண்டாம் என்பது என் கருத்து. பொதுக் கொள்கைகளில் பதினேழு பாரிஷ்களும் சேர்ந்து நிற்கட்டும். விருப்பமுள்ள இரண்டு மூன்று பாரிஷ்கள் மட்டும் பின்னிணைப்பில் தங்கள் மனைகளைக் குறிக்கட்டும். நிலச் சொந்தக்காரர் இளகிய மனதோடு இருக்கும் காலம் நீடிக்காது. ஒரு தலைமுறை மாறினால் அந்த வயலின் விலை மாறிவிடும்.

விடுமுறை வீடுகளைப் பற்றியும் ஒரு சொல். 2016 மே மாதம் கார்ன்வாலின் செயின்ட் ஐவ்ஸ், புதிதாகக் கட்டும் வீடுகளில் நிரந்தரமாக வசிப்பவர்களே குடியிருக்க வேண்டும் என்று எழுதி 80 சதவீதத்துக்கு மேல் ஆதரவு பெற்றது. உயர் நீதிமன்ற வழக்கையும் அதே வருடம் தாண்டியது. அந்த விதி புது வீட்டை மட்டும்தான் பிடிக்கும். பழைய கல் வீடுகளை வெளிப் பணம் வாங்குவதைத் திட்டமிடல் சட்டத்தால் தடுக்க முடியாது. அப்பர் ஈடன் போன்ற இடங்களில் அழகான பழைய வீடுகள்தான் முதலில் கைமாறுகின்றன. எனவே ஊர்த் திட்டத்தோடு கூடவே சமுதாய நில அறக்கட்டளை போன்ற ஓர் அமைப்பும் வேண்டும், வீட்டை வாங்கித் தன் பெயரிலேயே வைத்து வாடகைக்கு விடுவதற்கு. ஈடன் மாவட்டத்திலேயே கிராஸ்பி ராவன்ஸ்வொர்த் பாரிஷில் ஊர்மக்கள் அமைத்த அறக்கட்டளை ஒன்று இதே காலத்தில் கட்டுப்படியாகும் வீடுகளைக் கட்டிக் காட்டியது.

கடைசியாகப் பணம். 2025 மார்ச்சுக்குப் பிறகு ஊர்த் திட்டங்களுக்கான தேசிய உதவியைப் புதிதாகத் தரப்போவதில்லை என்று அரசு அந்த ஆண்டு ஜூனில் அறிவித்துவிட்டது. எழுத உரிமை இருக்கிறது, எழுத உதவும் காசு இல்லை. சொந்தச் செலவில் ஓர் ஆலோசகரை அமர்த்த வசதியுள்ள ஊர்கள் தொடர்ந்து எழுதும். நூறு பேர் உள்ள மலைப் பாரிஷ்கள் எழுத வேண்டுமென்றால் பக்கத்துப் பாரிஷ்களோடு செலவைப் பகிர்வதும், கொள்கைகளை ஆறு ஏழுக்குள் நிறுத்துவதும்தான் இப்போதைக்கு உள்ள வழி. அவர்களுக்குச் சட்டம் தரும் இன்னொரு பிடியும் உண்டு: திட்டமிடல் நிர்வாகம் ஆலோசனையும் உதவியும் தருவது அதன் சட்டக் கடமை. அந்த உதவி எந்த மாதம், எந்த அலுவலர் வழியாக, எந்த வேலைக்கு என்பதை முதல் கூட்டத்திலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.